பல் தடம் பதிந்த கட்டைவிரல்: ஹாலோவீனுக்கு வாங்கிய நான்கு பொருள்கள்

அக்டோபர் 31 இரவு பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு இந்த ஆண்டு, பெட்டி பெட்டியாக அடுக்கி விற்கப்படும் பிளாஸ்டிக் வௌவால்களையும் பஞ்சுச் சிலந்தி வலைகளையும் விட்டுவிட்டு, தனி ஆட்கள் தங்கள் பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்து இணையத்தில் விற்கும் நான்கு பொருள்களை வரவழைத்தேன். பழைய பொம்மைகளின் கைகளைக் கோத்துச் செய்த கதவு வளையம், உலர்ந்த பிணத்தின் தோற்றம் கொடுக்கப்பட்ட ஆளுயர எலும்புக்கூடு, லேட்டக்ஸ் தோல் போர்த்திய குறிப்பேடு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த கூந்தல் பூங்கொத்து ஆகியவை அவை. நான்கும் நான்கு வேறு ஆட்களின் கைவேலை. குறைகளையும் சொல்லப்போவதால் விற்றவர்களின் பெயர்களைத் தவிர்க்கிறேன்.

இத்தகைய பொருள்களுக்கு, வந்த அன்றே மதிப்புரை எழுதுவதில் பயனில்லை. பெட்டியைத் திறக்கும் நேரத்தில் எதுவும் திடுக்கிட வைக்கும். மூன்றாம் நாள் அதே பொருளின் மேல் சாவிக்கொத்தை மாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால் அக்டோபர் முதல் வாரத்திலிருந்து 31ஆம் தேதி இரவு வரை நான்கையும் நடமாடும் இடத்திலேயே வைத்திருந்து, எதன் முன்னால் கால் தயங்குகிறது என்று பார்த்தேன்.

முதலில் வளையம். தமிழில் மலர்வளையம் என்ற சொல்லுக்கே துக்கச் சாயல் உண்டு என்பதால், பூவுக்குப் பதில் சிறு கைகள் வெளிநோக்கி நீண்டிருக்கும் இந்த வளையத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கைகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சில ரப்பர் போல மெத்தென்றும், சில வெளிறிய கடின பிளாஸ்டிக்காகவும், ஒன்றிரண்டு வெயிலில் மஞ்சளித்தும் இருந்தன. தோள்பட்டையில் பொருந்தும் வட்டமான முனைகளை உள்பக்கமாக வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார் செய்தவர். கட்டு உறுதியானது, நான்கு வாரத்தில் ஒரு கைகூடக் கழன்று விழவில்லை.

ஆனால் அதன் மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றி ரத்தம் என்று காட்ட முயன்றிருந்தார். அந்தச் சிவப்பு, கைகளையெல்லாம் ஒரேயடியாகக் கடைப்பொருளாக்கிவிட்டது. ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் கொண்டு அதைத் தேய்த்துக் கழுவியபோதுதான் அந்தக் கட்டைவிரலைக் கண்டேன். இடப்பக்கம் கீழிருந்து நான்காவது கை. அதன் கட்டைவிரல் நுனியில் சின்னஞ்சிறு பள்ளங்கள், மேலே நான்கு, கீழே மூன்று, பிறைவடிவில் வரிசையாகப் பதிந்திருந்தன. பால் பற்கள். எந்தக் காலத்திலோ ஒரு குழந்தை தன் பொம்மையின் விரலை வாயில் வைத்து நன்றாகக் கடித்திருக்கிறது. இன்னொரு உள்ளங்கையில் நீலப் பேனாவால் போட்ட கிறுக்கலும் இருந்தது. அதைக் கழுவாமல் விட்டேன். இந்த இரண்டையும் பார்த்த பிறகு, சாயம் பூசிய எந்த ரத்தமும் இவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. விநோதமான பொருளில் செய்யப்படும் அலங்காரத்தின் பலம் அந்தப் பொருள் முன்பு யாரிடம் என்னவாக இருந்தது என்பதில்தான் இருக்கிறது. செய்பவர் அதை மூடி மறைத்தால் மிஞ்சுவது வெறும் வடிவம்.

மெரெட் ஓப்பன்ஹைம் என்ற கலைஞர் 1936இல் ஒரு தேநீர்க் கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் மான் இனத்து விலங்கொன்றின் ரோமத் தோலால் போர்த்திவைத்தார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கோப்பையில் ரத்தமும் இல்லை, பேயும் இல்லை. ஆனாலும் பார்க்கிறவரின் உதடு தானாகச் சுருங்கும்; ஏனென்றால் கோப்பை எதற்கு என்பது உதட்டுக்குத் தெரியும். பல் தடம் பதிந்த கட்டைவிரலும் அப்படித்தான் வேலை செய்கிறது.

வளையத்தின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பழைய பி.வி.சி. பொம்மைகளை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வரும். அதனால் சில கைகள் தொட்டால் பிசுபிசுக்கின்றன, தூசியும் ஒட்டுகிறது. பயமுறுத்துவதற்கு இது நல்லதே. வெள்ளைக் கதவில் நேராகத் தொங்கவிட்டால் மட்டும் கறை படியக்கூடும். பின்னால் ஒரு துணி வைத்துக்கொள்வது நல்லது.

எலும்புக்கூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், ஏனெனில் இதன் செய்முறையே அழகானது. எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் எலும்புக்கூடுதான் அடிப்படை. சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது தரையில் விரிப்பார்களே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பை அதன் மேல் சுற்றி, ஹீட் கன்னால் சூடான காற்றை ஊதுகிறார்கள். சூடு பட்டதும் விரிப்பு சுருங்கி விலா எலும்புகளைக் கவ்விப் பிடிக்கிறது. இழுவிசை தாங்காத இடங்களில் கிழிந்து நார் நாராகத் தொங்குகிறது. பிறகு அடர்பழுப்பு மரச்சாயத்தைத் தடவி, காயும் முன் துணியால் துடைத்தெடுத்தால் மடிப்புகளில் கருமை தங்க, மேடுகள் எலும்பின் நிறத்தில் வெளுத்து நிற்கும். இது இவ்வளவு நம்பும்படி அமைவதற்குக் காரணம் ஓவியத் திறமை அல்ல. உலரும் உடலில் நீர் வற்ற வற்ற தோல் சுருங்கி எலும்போடு ஒட்டி, தாங்காத இடத்தில் கிழிகிறது. சூடுபட்ட பிளாஸ்டிக்கும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. செய்பவர் தோலை வரையவில்லை, தோலுக்கு நேர்வதைப் பிளாஸ்டிக்குக்கு நேரவிடுகிறார்.

எனக்கு வந்ததில் விலாப் பகுதியும் தாடையும் அபாரம். தாடையின் வலப்பக்கம் பல்வரிசை வரை ஒரு பட்டை கிழிந்து, காதுக்கருகில் முறுக்கிக்கொண்டு நின்றது. விளக்கொளி பக்கவாட்டில் விழும்போது அது கன்னமாகவே தெரிந்தது. கெடுத்தவை கண்கள். குழிகளுக்குள் பளபளக்கும் புதிய கண்ணாடிக் கண்களை ஒட்டியிருந்தார். உடலெல்லாம் நூறாண்டுப் பழமை, கண்கள் மட்டும் நேற்று வாங்கியவை. இரண்டாம் நாளே நெம்பி எடுத்துவிட்டேன். வெறும் குழிகள் பத்து மடங்கு மேல். முழங்கை மூட்டுகளையும் சேர்த்துச் சுற்றிவிட்டதால் கைகள் மடங்குவதில்லை. உட்காரவைக்க நினைப்பவர்கள் வாங்கும் முன்பே எந்த நிலையில் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே வெற்று பிளாஸ்டிக் என்பதால் எடை குறைவு. திறந்த வெளியில் வைத்தால் மீன்பிடி நரம்பால் இரண்டு இடங்களில் கட்டாமல் விடக்கூடாது. மரச்சாயத்தின் வாடை மூன்று நாள் நீடித்தது.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்: சூடேற்றும் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். எண்ணெய் கலந்த மரச்சாயத்தைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை. விரித்து உலர்த்திய பிறகே எறிய வேண்டும்.

லேட்டக்ஸ் குறிப்பேட்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரத்துப் பால்தான். கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்த்து விற்கிறார்கள். மெல்லிய டிஷ்யூ தாளை அடுக்கடுக்காக ஒட்டி அதன் மேல் பாலைப் பூசி உலரவிட்டால், விரல் மூட்டில் இருப்பது போன்ற நுண்ணிய சுருக்கங்கள் தானாக விழுகின்றன. இந்தக் குறிப்பேட்டின் முதுகில் ஒரு தையல் தழும்பும், மூலையில் மச்சம் போன்ற ஒரு புள்ளியும் இருக்கின்றன. அந்த மச்சத்தை வைக்கத் தோன்றியவருக்கு நல்ல கண். உதடு, மூக்கு, வெளித்துருத்தும் நாக்கு என்று அட்டையில் ஒரு முழு முகத்தையே ஒட்டிவிடும் இந்த வகைப் புத்தகங்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அவை சிரிப்பையே வரவழைக்கும். இதில் வெறும் தோலும் மச்சமும். அம்மோனியா வாடை முழுதாகப் போகப் பத்து நாள் ஆனது என்பது தனிக்கதை.

லேட்டக்ஸ் நிலைக்காது என்பதையும் வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும். வெயிலும் எண்ணெய்க் கையும் அதைக் கெடுக்கும், செம்பும் பித்தளையும் பட்டால் கறுக்கும். சிற்பி ஈவா ஹெஸ்ஸே 1960களின் இறுதியில் லேட்டக்ஸில் செய்த சிற்பங்கள் பல இன்று பழுப்பேறி விறைத்துப்போய், காட்சிக்கு வைக்கலாமா என்றே அருங்காட்சியகங்கள் யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டன. கலைப்படைப்புக்கு அது இழப்பு. பிணத்தோல் போல் இருக்க வேண்டிய குறிப்பேட்டுக்கு அது லாபம். சோளமாவைத் தூவி, இருட்டில் வைத்தால் மெதுவாகவே முதுமை அடையும். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் வாங்கவே வேண்டாம், சிலிகானில் செய்ததைக் கேளுங்கள்.

கூந்தல் பூங்கொத்துதான் ஏமாற்றம். விக்டோரியா கால வீடுகளில், குடும்பத்தினரின் கூந்தலை மெல்லிய கம்பியில் சுற்றிச் சுற்றி வளையங்களாக்கி, இதழ் இதழாகச் சேர்த்துப் பூக்களாகக் கட்டி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பது பெண்கள் கற்றுத் தேர்ந்த கைவேலை. இறந்தவரின் முடியும் இருப்பவரின் முடியும் ஒரே கொத்தில் இருக்கும். பயமுறுத்துவதற்காக அதை யாரும் செய்யவில்லை, அன்புக்காகச் செய்தார்கள். இன்று பார்க்கிற நமக்கு உடல் சிலிர்ப்பதற்கு அதுவே காரணம். ‘உண்மையான மனிதக் கூந்தல்’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்ததை நம்பி வாங்கினேன். பூக்களின் பளபளப்பில் சந்தேகம் வந்து, ஓர் இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டினேன். முடியென்றால் பொசுங்கிய நாற்றத்தோடு கருகி, நசுக்கினால் தூளாகும். இது உருகிச் சொட்டி, நுனியில் கடுகு போல ஓர் உருண்டையாக இறுகியது. விற்றவருக்கு எழுதியபோது, ‘உணர்வில் உண்மையானது’ என்ற பொருளில் சொன்னதாகப் பதில் வந்தது. பணம் திரும்பக் கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கைவேலை சுத்தம். ஆனால் யாருடைய தலையிலும் இருந்திராத நைலானை எவ்வளவு நுணுக்கமாகப் பின்னினாலும் அது பூங்கொத்தாகவே இருக்கிறது.

பொருளுக்கு முன்வாழ்க்கை வேண்டும் என்று நான் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, உண்மையான மண்டையோடு வாங்கலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். வேண்டாம். சேகரிப்பாளர் சந்தையில் சுற்றும் பழைய மருத்துவக் கல்லூரி எலும்புக்கூடுகளில் கணிசமானவை இந்தியாவிலிருந்து சென்றவை. மனித எலும்பு ஏற்றுமதியை இந்தியா 1985இல் தடைசெய்தது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள். எகிப்திய மம்மிகளை அரைத்துச் செய்த ‘மம்மி பழுப்பு’ என்ற வண்ணம் ஒரு காலத்தில் ஓவியர்களிடம் சாதாரணமாகப் புழங்கியது. அது எதனால் ஆனது என்று தெரிந்ததும் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் தன்னிடமிருந்த குழாயைத் தோட்டத்துக்கு எடுத்துச் சென்று முறையாகப் புதைத்தார். பொம்மையின் கையையும் தானே வெட்டிக் கொடுத்த கூந்தலையும் இதோடு சேர்க்க முடியாது.

கூந்தல் சட்டம் திரும்பிப் போனதும் படியில் ஓர் இடம் காலியானது. அங்கே டர்னிப் கிழங்கு ஒன்றைக் குடைந்து முகம் வெட்டி வைத்தேன். பூசணிக்கு முன்பு அயர்லாந்தில் ஹாலோவீன் விளக்குக்குக் கிழங்குதான். டோனகல் பகுதியைச் சேர்ந்த அப்படி ஒரு விளக்கு சிதையத் தொடங்கியபோது எடுத்த பிளாஸ்டர் வார்ப்பு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூசணி சிரிக்கும், கிழங்கு சிரிக்காது. குடைவதற்குள் மணிக்கட்டு வலித்துவிட்டது. ஒரே வாரத்தில் அது சுருங்கி, கன்னம் ஒட்டி, வெட்டிய பற்கள் உள்ளிழுத்துக்கொண்டன. மெழுகுவர்த்திக்குப் பதில் சிறு எல்.இ.டி. விளக்கை வைத்தேன், பக்கத்திலேயே லேட்டக்ஸும் பிளாஸ்டிக்கும் இருக்கும்போது நெருப்புக்கு அங்கே இடமில்லை.

31ஆம் தேதி இரவு வந்த பிள்ளைகள் எலும்புக்கூட்டோடு கைகுலுக்கினார்கள், அதன் விலாவில் விரலை விட்டுப் பார்த்தார்கள். சூனியக்காரி வேடமிட்ட ஒரு சிறுமி, ஆறு வயதிருக்கலாம், வளையத்துக்கு நேராக நின்று கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, இடப்பக்கம் கீழே நான்காவதில் நின்றாள். “இதை யார் கடிச்சது?” என்று கேட்டாள். பழைய பொம்மை என்றும், யாரோ ஒரு பாப்பா என்றும் சொன்னேன். “அந்தப் பாப்பா இப்ப எங்க?” என்றாள். நான் மிட்டாய்க் கிண்ணத்தை நீட்டுவதற்குள் படியிறங்கிவிட்டாள்.