ஸ்னோ ஒயிட்: நாலு வயதுக்கு இப்போதைக்கு வேண்டாம்

பாளையங்கோட்டை வீட்டில் லீவு நாளில் மகளோடு உட்கார்ந்து டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ பார்த்தோம். 1937-இல் வந்த படம், கையால் வரைந்தது, இன்றைக்கும் கண்ணுக்கு அவ்வளவு இதம். குள்ளர்கள் பாடி ஆடும்போது பிள்ளையும் எழுந்து ஆடினாள். ஆனால் அந்தக் காட்டில் மரக்கிளைகள் கைகளாகி உடையைப் பிடித்து இழுக்க, இருட்டில் கண்கள் மட்டும் முறைக்க, ஆச்சி மடியில் முகத்தைப் புதைத்தவள்தான், அப்புறம் ராணி கிழவியாக மாறும் இடத்தில் அழுதே விட்டாள். அந்த ராணி ஸ்னோ ஒயிட்டின் இதயத்தை வெட்டி எடுத்து வரச் சொல்வது வேறு.

“பேய்க்கதை நானும் சொல்லுவேன்லா, பிள்ள முகத்தப் பாத்து நிறுத்திக்கிடுவேன், படம் நிறுத்தாதே” என்றார் ஆச்சி. சரியான பேச்சு. ஆறேழு வயதுக்கு மேல் பக்கத்தில் இருந்து காட்டுங்கள். 83 நிமிடம்தான். அதுவரை குள்ளர்கள் பாட்டு போதும்.