ஸ்போகன் டுடோரியல் தமிழ் ஒலியில்: எல்லையோரக் கல்லூரி லேபுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் கல்லூரிகளில் முதலாண்டு கணினி வகுப்பில் ஒரே பெஞ்சில் மூன்று விதப் பள்ளிப் படிப்பு உட்கார்ந்திருக்கும். கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை, மலையாள வழியில் படித்த பிள்ளை, பொள்ளாச்சிப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளை. புத்தகமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வகுப்புக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் என்னும் வீடியோப் பாடத் தொகுப்பு எந்த அளவுக்கு உதவும் என்று பார்ப்போம். மதிப்பிட எடுத்துக்கொண்டது சி மொழித் தொடர், தமிழ் ஒலியோடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எடிட்டரைத் திறந்து, நிரல் எழுதி, சேமித்து, டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) கம்பைல் செய்து (கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றி), ஓட்டிப் பார்க்கும் கைப்பழக்கத்துக்கு இது அருமையான துணை. நிரல் ஓடும்போது நினைவகத்தில் என்ன நடக்கிறது என்று புரியவைக்க இது மட்டும் போதாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் லேப் நேரம் முழுவதும் வீடியோவை ஓடவிட்டால், மாணவர் தட்டச்சு நன்றாகச் செய்வார், புதுக் கேள்வி வந்தால் திகைத்து நிற்பார்.

பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று தொடங்கிய திட்டம் இது. ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ 10 நிமிடம். திரையில் ஓடுவது ஆங்கிலப் பதிவு. ஒலி மட்டும் தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மாறும். பார்க்கக் காசில்லை. வேண்டிய பாடங்களையும் மொழிகளையும் தேர்ந்தெடுத்து ஒரே தொகுப்பாக இறக்கி லேப் சர்வரில் வைத்துவிட்டால், நெட் போனாலும் வகுப்பு நிற்காது. எல்லையோரத்துக்கு இதில்தான் பெரிய லாபம். தமிழில் கேட்பவரும் மலையாளத்தில் கேட்பவரும் ஒரே திரையை, ஒரே வரியைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் புரொஜெக்டரில் காட்டி ஒரு சந்தேகம் தீர்த்தால் அது இரண்டு தரப்புக்கும் பொருந்தும்.

தாய்மொழி ஒலி, ஆங்கிலத் திரை என்ற இந்த ஏற்பாட்டுக்கு ஆய்வுப் பின்புலம் உண்டு. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் நிரலாக்கம் கற்பதைப் பற்றி பிலிப் குவோ 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 86 நாடுகளிலிருந்து 840 பேர் பதில் தந்தார்கள். பாடத்தைப் படிப்பது, கோடு (code, அதாவது நிரல் வரிகள்) எழுதுவது, ஆங்கிலமும் நிரலாக்கமும் ஒரே சமயத்தில் கற்க வேண்டியிருப்பது எல்லாமே சுமை என்றார்கள். அவர்கள் கேட்டது எளிய ஆங்கிலமும், கூடுதல் படமும் காட்சியும். ஸ்போகன் டுடோரியல் விளக்கத்தின் சுமையைத் தாய்மொழிக்கு மாற்றிவிட்டு, நிரல் வரிகளையும் பிழைச் செய்தியையும் ஆங்கிலத்திலேயே விடுகிறது. கம்பைலர், ஹெடர் ஃபைல், செமிகோலன் போன்ற சொற்களும் பெரும்பாலும் ஆங்கில ஒலியிலேயே வருகின்றன. இது சரியான முடிவு. திரையில் வரப்போவதும் தேர்வில் வரப்போவதும் அந்தச் சொற்கள்தான். பக்கத்து சீட்டு மலையாளப் பிள்ளையோடு பேசவும் அவையே பொதுச்சொல். ஆனால் நடுவில் வரும் தமிழ் எழுதி வைத்துப் படிக்கும் தமிழ். “நல்வரவு” என்று தொடங்கி அதே நடையில் போகும். பாலக்காட்டுப் பேச்சுத் தமிழில் வளர்ந்த காது பழக இரண்டு மூன்று பாடம் பிடிக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

தொடரின் சிறந்த பகுதி, வேண்டுமென்றே பிழை செய்து காட்டும் இடம். சி மொழியின் முதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரியை அச்சிடும் சின்ன நிரல். அது ஓடியதும் ஒரு குறியை நீக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்கிறார்கள். முடிவில் உள்ள நெளிவு அடைப்பை எடுத்துவிட்டால் ஜிசிசி என்னும் சி கம்பைலர் சொல்வது “எக்ஸ்பெக்டட் டிக்ளரேஷன் ஆர் ஸ்டேட்மென்ட் அட் எண்ட் ஆஃப் இன்புட்”. பிழை கடைசி வரியில் என்று காட்டும். காரணம் எளிது. அடைப்பு எங்கே மூடியிருக்க வேண்டும் என்று கம்பைலருக்குத் தெரியாது. ஃபைல் முடிந்த பிறகுதான் அது குறையைக் கண்டுபிடிக்கிறது. 60 வரி நிரலில் உள்ளே ஒரு ஃபார் லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அடைப்பு விடுபட்டாலும் செய்தி அதே கடைசி வரிக்குத்தான் போகும். இதை முதல் வாரத்தில் கண்ணால் பார்த்த மாணவர் பிறகு கடைசி வரியை வெறித்துக்கொண்டு உட்கார மாட்டார், மேலிருந்து அடைப்புகளை எண்ணிப் பார்ப்பார்.

குறைகளில் முதலாவது வயது. சி தொடர் உபுண்டு இயங்குதளம் 11-ஆம் பதிப்பில் இருந்த காலத்தில், ஜிசிசி 4.6.1-இல் பதிவானது. இன்றைய லேபில் மூன்று இடத்தில் இடறும். வீடியோவில் வரும் ஜிஎடிட் என்ற எடிட்டர், உபுண்டு 22.10 முதல் இயல்பாக வருவதில்லை. 24.04 போட்ட லேபில் அதைத் தனியாக நிறுவுங்கள், இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே பாதி வகுப்பு கை தூக்கும். இரண்டாவது, செமிகோலன் விட்டால் பழைய ஜிசிசி அடுத்த வரியைக் காட்டும், ஜிசிசி 8 முதல் விடுபட்ட இடத்தையே காட்டுகிறது. வீடியோவில் ஒரு வரி எண், தன் திரையில் இன்னொரு எண் என்றால் மாணவர் தான் வேறு ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயப்படுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, மெயின் என்ற முதன்மைப் பகுதிக்கு முன் இன்ட் என்ற சொல்லைப் போடாத பழைய எழுத்துமுறையையும், முன்பே அறிவிக்காத ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் பகுதி) அழைப்பதையும் ஜிசிசி 14 உள்ள லேபில் கம்பைலர் பிழையாகவே நிறுத்திவிடும், முன்பு போல வெறும் எச்சரிக்கையோடு விடாது. பழைய ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து எழுதும் நிரல்கள் பலவும் அங்கே நிற்கும்.

அடுத்தது திரை. பாதித் திரையில் வீடியோ, மறுபாதியில் எடிட்டர் வைத்துக் கூடவே செய்து பார்ப்பதுதான் இந்தத் திட்டம் சொல்லும் முறை. கல்லூரி லேபில் 1366-க்கு 768 மானிட்டர் என்றால் ஒவ்வொரு பாதிக்கும் 683 பிக்சல்தான் கிடைக்கும். வீடியோவின் டெர்மினல் எழுத்து எறும்பு போலத் தெரியும், கோலனா செமிகோலனா என்று பிரித்தறிய முடியாது. சரிப்படும் வழி, வீடியோவை மாணவரின் போனில் ஓடவிட்டு, கணினித் திரையை முழுதும் எடிட்டருக்கும் டெர்மினலுக்கும் விடுவது. போனில் ஹெட்செட் போட்டால் தமிழ் ஒலி ஒருவருக்கு, மலையாள ஒலி பக்கத்தவருக்கு என்று பிரிப்பதும் எளிது. ஆண்டுகளுக்கு முன் இறக்கி வைத்த ஓஜிவி வகை வீடியோ ஃபைல்கள் லேபில் இருந்தால் அவற்றை விஎல்சி பிளேயரில் திறங்கள். குரோம் 123 முதல் அந்த வீடியோ வகை அதில் ஓடாது.

பெரிய குறை, பார்த்து எழுதும் பழக்கம். ஏழு நாட்டு மாணவர்களிடம் 12 தேர்வுக் கேள்விகள் கொடுத்து ரேமண்ட் லிஸ்டர் குழு 2004-இல் செய்த ஆய்வு காட்டியது இதுதான்: நிரல் எழுதத் தடுமாறும் பலருக்கு, எழுதிய நிரலை வரிவரியாகப் பின்தொடர்ந்து விடை சொல்வதே வரவில்லை. வீடியோ இந்த இடத்தைத் தொடுவதில்லை. கோடு எழுதியதும் விடை தானாகத் திரையில் வந்துவிடுகிறது.

எனவே வீடியோவுக்கு முன்னும் பின்னும் வேலை வைக்க வேண்டும். இரண்டு மணி நேர லேபை இப்படிப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் கணினியைத் தொடக் கூடாது. பலகையில் மூன்று வரி: ஏ = 5, பி = ஏ, ஏ = 7. இப்போது பி எவ்வளவு என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். 7 என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். கணக்கு வகுப்பின் சமக்குறி மனதில் ஒட்டியிருப்பதுதான் காரணம். “பி-க்குள் ஏ-வில் இப்போது உள்ளதைப் போட்டு வை” என்று தமிழில் வாசித்துக் காட்டினால் குழப்பம் தெளியும். பிறகு வீடியோ. 10 நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். எட்எக்ஸ் இணையப் பாடங்களின் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்த 2014 ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்த்த நேரத்தின் நடு அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம், அதுவரை வந்ததைச் செய்து பார்த்தல், பிறகு அடுத்த துண்டு. இதற்கு 45 நிமிடம் வேண்டும்.

அடுத்த அரை மணி நேரம் பைதான் டியூட்டர் என்ற இணையதளத்தில். பெயர் பைதான் என்றாலும் சி நிரலையும் அது ஒவ்வொரு அடியாக ஓட்டி, எந்த மாறியில் என்ன மதிப்பு என்று பெட்டி போட்டுக் காட்டும். இதற்கு நெட் வேண்டும். விசைப்பலகையிலிருந்து எண் வாங்கும் நிரலை அப்படியே ஒட்டாமல், மதிப்பை நிரலுக்குள்ளேயே எழுதிக்கொள்ளுங்கள். “அடுத்து” பொத்தானை அழுத்துவதற்கு முன் அடுத்த மதிப்பை மாணவர் சொல்லிவிட வேண்டும். இந்த விதியை விட்டால் அதுவும் வேடிக்கை பார்ப்பதாகிவிடும்.

மிச்ச நேரத்துக்கு, வரிகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லும் பயிற்சி. 2006-இல் டேல் பார்சன்ஸும் பட்ரிசியா ஹேடனும் நியூசிலாந்திலிருந்து அறிமுகப்படுத்திய இந்த முறையை பார்சன்ஸ் புதிர் என்பார்கள். எட்டு வரி சரியானது, இரண்டு வரி தப்பானது, காகிதத்தில் அச்சிட்டு வெட்டிக் கொடுத்தால் போதும். பார்பரா எரிக்சன் குழுவின் 2017 ஆய்வில், இப்படி அடுக்கியவர்கள் கோடு முழுதும் எழுதியவர்களைவிடக் குறைந்த நேரத்தில் முடித்தார்கள், கற்றதில் குறையவில்லை. தட்டச்சு மெதுவாக வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

சி-க்குப் பதில் பைதான் மொழி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்போகன் டுடோரியல் தளத்தில் பழைய பதிப்புத் தொடர் ஒன்று, பைதான் 3.4.3 தொடர் ஒன்று என இரண்டு உண்டு. பழையதைத் தொடாதீர்கள், அதன் பிரின்ட் வரிகள் இன்று பிழை காட்டும். 3.4.3 தொடர் இன்றும் ஓடும், ஆனால் மாறியின் மதிப்பை வாக்கியத்துக்குள் பதிக்கும் எஃப்-ஸ்ட்ரிங் 3.6-இல்தான் வந்தது, அதைத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சான்றிதழ் தரும் இணையத் தேர்வும் உண்டு. வேலை விண்ணப்பத்தில் போட உதவும், வகுப்பின் மதிப்பெண்ணுக்கு அதை நம்ப வேண்டாம். தளத்தின் கேள்வி-பதில் மன்றம் அதைவிடப் பயனுள்ளது. கேள்வி கேட்கும்போது வீடியோவின் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறிக்கலாம். லேபிலும் இதே பழக்கத்தை வைத்து, சிக்கிய இடத்தின் நிமிடத்தை நோட்டில் எழுதச் சொன்னால், எந்தத் துண்டில் வகுப்பு மொத்தமாக நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணுக்கு “இந்த நான்கு வரி சேர்ந்து என்ன செய்கிறது, ஒரே வாக்கியத்தில் சொல்” என்ற கேள்வியை வையுங்கள். விடையை ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் புரிந்த பிள்ளையும் வெற்றுத் தாள் கொடுக்கும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதட்டும். ஒருவர் தாளை மற்றவர் படிக்க முடியாத இடத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், இந்தப் பக்கத்தில் இரண்டு மொழியும் காதுக்குப் பழகியவைதான்.