பைபர் வள்ளத்தின் கறை எடுக்கக் கொடுத்து 65,000 ரூபா போனது, கவனம்

65,000 ரூபா. ஒரு பாய் வள்ளத்தின் பக்கத்தில் படிந்திருந்த மஞ்சள் கறையை எடுப்பதற்கு நான் கொடுத்த காசு. கறை இப்போதும் இருக்கிறது, முன்பைவிடக் கறுத்துப்போய். வள்ளத்தின் மினுக்கம்தான் போய்விட்டது. இன்று பின்னேரம் அந்தப் பட்டறைக்காரர் என் தொலைபேசி இலக்கத்தையே தடுத்துவிட்டார். அதனால்தான் இரவோடு இரவாக இருந்து இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் பைபர் வள்ளம் வைத்திருப்பவர்கள், தொழிலுக்கு வைத்திருந்தாலும் சரி ஆசைக்கு வைத்திருந்தாலும் சரி, இதைப் படித்துவிட்டு யாருக்கும் காசு கொடுங்கள்.

வள்ளம் என் தம்பியுடையது. நோர்வேயில் இருக்கிறான். போன முறை வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிய 16 அடி பாய் வள்ளம், மண்டைதீவுப் பக்கம் கட்டி விட்டிருந்தோம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு வருகிறேன், பிள்ளைகளை ஏற்றிப் பாய் விரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். நானும் அதற்கு முன் வள்ளத்தைத் துப்புரவாக்கி வைப்போம் என்று நினைத்தேன். தண்ணீர் தொடும் மட்டத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சளும் மண்ணிறமுமாகக் கறை. சவர்க்காரம் போட்டு உரஞ்சினால் பாசி போகும், அந்த நிறம் அசையாது.

ஏன் அசையாது என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். பைபருக்கு மேலே இருக்கும் மினுக்கமான பூச்சை ஜெல்கோட் என்பார்கள். பார்க்க வழுவழுப்பாக இருந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, மெழுகு தேய்ந்துபோனால் அவை திறந்துவிடும். இலைகுழை அழுகி வரும் சாயமும் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பும் அதற்குள் இறங்கும். மண்டைதீவில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. முந்தி வலைக்கும் பாய்க்கும் கண்டல் பட்டையில்தானே சாயம் ஏற்றினார்கள். அதே சாயம் வள்ளத்திலும் ஏறும். உள்ளே இறங்கிய சாயத்தை வெளியே உரஞ்சி எடுக்க முடியாது.

சமூக வலைத்தளம் ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். பைபர் வேலை செய்யும் பட்டறை, நகரத்துக்குக் கொஞ்சம் வெளியே. கறை பிடித்த வள்ளம் ஒரு பக்கம், பால் போல வெள்ளையான வள்ளம் மறுபக்கம் என்று இரண்டு படம். கீழே ஆஹா ஓஹோ என்று ஆட்கள் எழுதியிருந்தார்கள். நான் எடுத்தவுடன் காசு கொடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். என்ன மருந்து போடுகிறீர்கள், ஜெல்கோட்டுக்கு ஏதும் நடக்குமா, பிறகு மெழுகு போடுவீர்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னார். வெளிநாட்டிலிருந்து இறக்கிய கிறீம், பூசி விட்டால் கறை தானாகக் கரையும், கடைசியில் நல்ல மெழுகு, ஒரு வருட உத்தரவாதம்.

அப்போதும் நான் யோசித்துக்கொண்டுதான் நின்றேன். பேச்சோடு பேச்சாக என் அம்மப்பா வல்வெட்டித்துறைக்காரர் என்று சொன்னேன். உடனே அவர் சொன்னார்: “அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எங்கட அன்னபூரணி பாய் விரிச்சு அமெரிக்கா மட்டும் போன கப்பல். அந்தக் கடலில வளர்ந்த நாங்கள் ஒரு சின்ன வள்ளத்தைப் பழுதாக்குவமோ?”

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன கதையை அம்மப்பா வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பெயரைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது. அந்த இடத்திலேயே 40,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லி ஒருவர் காசு பறிப்பார் என்று எங்களில் யாருக்குத்தான் தோன்றும்? இழந்த காசைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

சொன்ன திகதிக்கு வேலை முடியவில்லை, ஒவ்வொரு முறையும் நாளைக்கு நாளைக்கு என்றார். கடைசியில் ஒரு நாள் மைம்மல் பொழுதில் ரெயிலரில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெயின்ற் மணம் வருகிறதே என்று கேட்டேன். அது மெழுகின் மணம் என்றார். மிச்சம் 25,000 ரூபாவையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். ஆகமொத்தம் 65,000 ரூபா.

வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நாளிலேயே நீர் மட்டத்தில் வெள்ளை பொக்களித்துத் தோல் தோலாக உரியத் தொடங்கியது. அடியில் பார்த்தால் முழுக்கக் கீறல். கிறைண்டர் வட்டு ஓடிய அடையாளம் வளையம் வளையமாகத் தெரிந்தது. கீறலுக்குள் மஞ்சள் நிறம் முன்பைவிட ஆழமாக ஏறியிருந்தது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் ஆணிகளைச் சுற்றித் துருக்கோடு. நாகம் (சிங்க்) பூசிய ரெயிலரின் சட்டமும் வெளுத்து, அங்கங்கே துருப்பிடித்திருந்தது.

தொலைபேசி எடுத்தேன். “உப்புத் தண்ணியில விட்டால் அப்பிடித்தான் அக்கா.” கடல் வள்ளத்தை உப்புத் தண்ணீரில் விடாமல் எங்கே விடுவது? அடுத்த முறை எடுத்தால் மாஸ்டர் கொழும்புக்குப் போய்விட்டார், வந்ததும் சொல்கிறோம். அதற்கடுத்த முறை வீட்டிலிருந்து யாரோ எடுத்து, அவர் கோயிலுக்குப் போய்விட்டார் என்றார்கள். நேரில் போனேன். அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது, ஆள் இல்லை என்கிறார்கள். நான் அசையாமல் நின்றபிறகு வெளியே வந்து, உத்தரவாதம் கிறீமுக்குத்தான், வேலைக்கு இல்லை என்றார். சரி, அந்தக் கிறீமின் பேணியைக் காட்டுங்கள் என்றேன். முடிந்துவிட்டதாம். பற்றுச்சீட்டைக் காட்டினேன். அதில் “துப்புரவு வேலை 65,000” என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, கடையின் பெயரும் இல்லை முத்திரையும் இல்லை. “இது எங்கட துண்டு எண்டு எப்பிடிச் சொல்லுறியள்?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்.

திரும்பி வரும்போது அங்கே வேலை செய்யும் பொடியன் ஒருவன் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னான்: “அக்கா, கிறீம் ஒண்டும் இல்லை. ரைல்ஸ் கழுவிற அசிட்தான். போகாத இடத்தை கிறைண்டரால அடிச்சிட்டு ஸ்பிறே பெயின்ற் விட்டது.” அவன் கையைப் பார்த்தேன், விரல் முழுக்க வெந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சோடி கையுறை வாங்கிக் கொடுக்கவில்லை இவர்.

தம்பியிடம் சொன்னபோது அவன் விளம்பரப் படத்தைத் தேடிப் பார்த்தான். அந்த இரண்டு படமும் வெளிநாட்டில் படகு மெழுகு விற்கும் ஒரு கடையுடையவை. யாழ்ப்பாணத்து வள்ளமே இல்லை.

குருநகரில் கனகாலமாகப் பைபர் வேலை செய்யும் ஐயா ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். விரலால் ஒரு இழுவை இழுத்தார், சுண்ணாம்பு போல மா ஒட்டியது. “பிள்ளை, இது கறை எடுத்த வேலையில்லை” என்றார். ஜெல்கோட்டின் தடிப்பே ஏறக்குறைய அரை மில்லிமீற்றர்தான். கிறைண்டர் போட்டால் சில இடத்தில் அது முழுக்கப் போய் உள்ளே நார் தெரியும், அதன் வழியே தண்ணீர் ஊறும். ரைல்ஸ் அசிட் என்பது ஐதரோகுளோரிக் அமிலம். ஒட்டியிருக்கும் சிப்பியின் சுண்ணாம்பை அது கரைக்கும், ஆனால் ஆணியையும் நாகப் பூச்சையும் சேர்த்துத் தின்னும். இந்த மஞ்சள் கறைக்கு வேண்டியது ஒக்ஸாலிக் அசிட். கறையில் இருக்கும் இரும்பைப் பிடித்துக் கரையவைத்துக் கழற்றிவிடும். நிழலில் வைத்து, கூழ் போலப் பூசி, காய விடாமல் ஒரு ஐந்து பத்து நிமிடம் விட்டால் உரஞ்சாமலே கறை மங்கும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அந்த அசிட் பழைய மெழுகையும் எடுத்துவிடுவதால் புது மெழுகு கட்டாயம் போட வேண்டும், இல்லையென்றால் துளை திறந்தபடியே கிடந்து கறை கெதியாகத் திரும்ப வரும்.

இன்னொன்றும் சொன்னார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். ஒக்ஸாலிக் தூளை அதில் கரைத்தால் வெள்ளையாகத் திரைந்து அசிட்டின் வலு குறையும். மழைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு சதமும் வாங்காமல் சொன்னார். 65,000 ரூபா வாங்கியவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் செய்யவில்லை. இப்போது வள்ளத்துக்குப் புதிதாக ஜெல்கோட் அடிக்க வேண்டும், அது வேறு செலவு. தம்பி வரும்போது வள்ளம் கரையில்தான் கிடக்கும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்போது மனநிலை இல்லை. அவசரமாகச் சில விஷயம் மட்டும்.

மருந்தின் பேணியைக் கண்ணால் பார்த்து, என்ன அசிட் என்று வாசியுங்கள். உங்கள் கண் முன்னால் ஒரு உள்ளங்கை அகலத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். கறைக்குக் கிறைண்டர் எடுக்கிறவரிடம் வள்ளத்தைக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததைப் பகலில் பாருங்கள், பொழுதுபட்ட பிறகு வாங்காதீர்கள். நீங்களே செய்வதென்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ஒக்ஸாலிக் நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அசிட்டோடு பிளீச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், ஆளைக் கொல்லும்.

பற்றுச்சீட்டில் கடைப் பெயரும் என்ன வேலை என்பதும் இருக்க வேண்டும். கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வேலை செய்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் திங்கட்கிழமை கொடுக்கிறேன், உரிந்த பெயின்ற் துண்டுகளையும் படங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன். அன்னபூரணிக் கதை சொல்லி உங்களிடமும் முற்பணம் வாங்கியிருந்தால் எனக்குத் தகவல் போடுங்கள், சேர்ந்தே போவோம்.