பழைய வேகன்ஆரில் ரிவர்ஸ் சென்சார்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

எங்களுடையது 2010 வேகன்ஆர். பின்னால் எடுக்கும்போது ஏதாவது குறுக்கே இருந்தால் சத்தம் போடும் ரிவர்ஸ் சென்சார் புதுக் கார்களில் கட்டாயம் என்று விதி வந்தது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டிக்காரர்கள் கழுத்தைத் திருப்பித்தான் ஆக வேண்டும். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் சந்துக்குள் வண்டியைத் திருப்ப இடமில்லை. நேராக உள்ளே விட்டால் ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். அப்பாவுக்குக் கழுத்து வலி வந்து, பின் பம்பரில் மூன்றாவது கோடும் விழுந்த பிறகு, 2021-ல் வெளியில் வாங்கி மாட்டினேன்.

நான்கு சென்சார், ஒரு சின்னப் பெட்டி, ஒரு பஸ்ஸர். கூலியோடு 1,600 ரூபாய். ஸ்க்ரீன் வைத்த மாடலை வேண்டாம் என்றுவிட்டேன். பின்னால் பார்க்க வேண்டிய நேரத்தில் முன்னால் எதற்குப் பார்ப்பது? பம்பரில் ஓட்டை போடும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பிளாஸ்டிக் சுருள் சுருளாகத் தரையில் விழ, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியிலேயே வெறும் ரோட்டில் கத்த ஆரம்பித்துவிட்டது. மறுநாள் கழற்றிப் பார்த்தால், ஒரு சென்சாரின் முதுகில் மேலே பார்க்க வேண்டிய அம்புக்குறி கீழே பார்த்தபடி இருந்தது. தரையையே தடை என்று நினைத்துக் கத்தியிருக்கிறது. திருப்பிப் போட்டதும் சரி. மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

சந்தில் அது தங்கம். சுவர், நிற்கும் ஆட்டோ, தண்ணீர் டிரம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகச் சத்தம் கொடுக்கும். ஓரடிக்குள் வந்துவிட்டால் விடாமல் அலறும். ஆனால் நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்பி வந்தால்தான் இதற்குக் கண் தெரியும். பக்கத்துத் தறிக்காரர் வாசலில் இறக்கிய நூல் மூட்டை ஒலியை உறிஞ்சிக்கொள்ள, முட்டும்வரை பஸ்ஸர் வாய் திறக்கவில்லை. மெல்லிய கம்பியும் தாழ்வான கல்லும் அப்படித்தான்.

இரண்டாவது மழைக்காலத்தில் ஒருநாள் மொத்தமாகவே அமைதி. பின்னால் ஒன்றும் இல்லை போல என்று நான் பாட்டுக்கு எடுத்தேன், நான்காவது கோடு. கரண்ட் வருவது ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து. அங்கே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. சால்டர் வைத்ததும் உயிர் வந்தது. போன வருடம் ஓரத்துச் சென்சார் ஒன்று செத்தது. எது என்று கண்டுபிடிப்பது சுலபம்: சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, ரிவர்ஸ் கியரில் வைத்துவிட்டு ஒவ்வொன்றின் மேலும் விரல் வையுங்கள். வேலை செய்வது மெலிதாகத் துடிக்கும்.

ஏற்காட்டில்தான் எனக்கும் இதற்கும் ஒத்துவரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போனால், பனி இறங்கும் மாதங்களில் சென்சார் முகத்தில் நீர்த்துளி கோத்துக்கொள்ளும், காரணமே இல்லாமல் கத்தும். துணியால் துடைத்தால் போதும், அது பெரிய விஷயமில்லை. ஒரு சாயங்காலம் ஓரமாக நிறுத்தலாம் என்று ரிவர்ஸ் எடுத்தேன். பஸ்ஸர் சத்தமே இல்லை. இன்னும் இடம் இருக்கிறது என்று விட்டுக்கொண்டே போனேன். இறங்கி நின்றிருந்த மனைவி, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று டிக்கியை ஓங்கித் தட்டினாள். பின் டயருக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும்.

"சத்தமே வரலையே" என்றேன்.

"சுவரு இருந்தா கத்தும். ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு எதைப் பார்த்துக் கத்தும்?"

இப்போது மலைக்குப் போனால் பஸ்ஸரைக் கணக்கில் எடுப்பதில்லை. டிக்கியில் கருங்கல் ஒன்று கிடக்கிறது. அவள் இறங்கி, அதைப் பின் டயர் நிற்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுத்தான் "வரட்டும்" என்பாள்.