வாழையா, கொட்டுக்காளியா: ஒரே நாளில் வந்த இரண்டு படங்கள்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. மாரி செல்வராஜின் ‘வாழை’யும் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் ஒரே நாளில் திரைக்கு வந்தன. வாழையை அன்று மாலைக் காட்சியிலும், கொட்டுக்காளியை ஞாயிறு மதியமும் மதுரையில் பார்த்தேன். முதல் தியேட்டரில் உட்கார இடமில்லை. இரண்டாவதில் முப்பது பேர் இருந்திருப்போம். இடைவேளைக்குப் பிறகு அதிலும் ஆறேழு பேரைக் காணவில்லை. அப்புறம் இரண்டையும் ஓடிடியில் மறுபடி பார்த்தேன். எது பெரிய படம் என்ற சண்டை நண்பர்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் கையில் எடுக்கலாம் என்றால் எனக்குக் கொட்டுக்காளி போதும். ஆனால் வாழையின் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடான உயிர்த்துடிப்பு கொட்டுக்காளியில் எங்கேயும் இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். முடிவுக் காட்சிகளைப் பற்றியும் பேசப் போகிறேன்; பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

வாழை, இயக்குநரின் சொந்தச் சிறுவயதிலிருந்து வந்த கதை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம், தொண்ணூறுகளின் கடைசி. சிவனணைந்தான் ரஜினி ரசிகன், அவன் கூட்டாளி சேகர் கமல் ரசிகன். பள்ளிக்கூட நாள் என்றால் இருவருக்கும் கொண்டாட்டம், லீவு நாள் என்றால் கிலி. லீவு விட்டால் வாழைக்காய் சுமக்கப் போக வேண்டுமே. சேற்றில் கால் புதைய, தலையில் தாரை ஏற்றிக்கொண்டு, வரப்பில் வரிசையாக நடக்கிற அந்தக் காட்சிகளைத் தேனி ஈஸ்வர் எடுத்திருக்கும் விதத்தில் பச்சை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு கனமாகவும் இருக்கிறது. பையனின் கழுத்து உள்ளே இறங்குவது நமக்கே வலிக்கிறது. பொன்வேலும் ராகுலும் நடிக்கிறார்கள் என்று ஒரு இடத்திலும் தோன்றவில்லை. அவர்கள் அடித்துக்கொள்ளும் கமல் ரஜினி சண்டையில் தியேட்டரே சிரித்தது, நானும்தான்.

இந்தப் படத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த ஒரு ரூபாய். கலையரசன் நடித்த கனி, தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டு வாங்குகிறான். வியாபாரி அதை எப்படி ஈடுகட்டுகிறான்? ஆட்களுக்குத் தனி வண்டி விடாமல், காய் ஏற்றிய லாரியின் மேலேயே அவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். அந்த லாரிதான் கவிழ்கிறது. விபத்து என்று நாம் பேப்பரில் படித்துவிட்டுப் புரட்டும் ஒரு செய்திக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று காட்டியதற்காகவே மாரி செல்வராஜுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

என் குறையும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கணக்கைப் படம் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஒப்பாரிக்குள் இறங்கிவிடுகிறது. நடனப் பயிற்சிக்காக வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு ஓடிய சிவனணைந்தான், பசி தாங்காமல் ஒரு தோட்டத்தில் வாழைப்பழம் பறிக்கிறான். அதற்கு அடி வாங்குகிறான். எத்தனையோ தார்களைச் சுமந்த தலைக்கு ஒரு பழத்தின் மேல் உரிமை இல்லை. இதை யாரும் வசனமாகப் பேசவில்லை, பேச வேண்டியதும் இல்லை. அப்படியே வீட்டுக்கு வந்தால் ஊரே பிணங்களைச் சுற்றி அழுதுகொண்டிருக்கிறது. இவனுக்கோ பசி. சாவு வீட்டில் சோற்றைத் தேடும் அந்தக் கை தமிழ் சினிமாவில் நான் பார்த்த மிகக் கொடுமையான காட்சிகளில் ஒன்று. அங்கே பாட்டு எதற்கு? சந்தோஷ் நாராயணனின் ‘பாதவத்தி’ தனியாகக் கேட்டால் நெஞ்சைப் பிழிகிற பாட்டுதான். ஆனால் அந்தத் தாய் மாரடிப்பதே போதும். அதன் மேல் பாட்டும், மெதுவாக நகரும் காட்சிகளும், முன்னால் பார்த்த முகங்களின் நினைவுகளும் வந்து விழ விழ, எனக்குள் எழுந்த கோபமெல்லாம் கண்ணீராகக் கரைந்து போய்விட்டது. வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது. அப்படி லேசாகியிருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

சிவனணைந்தான் பூங்கொடி டீச்சர் மேல் ஆசை வைக்கும் பகுதியைப் பற்றிப் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

சரி, கொட்டுக்காளி. எங்கள் பக்கத்தில் பிடிவாதக்காரியைக் குறிக்கும் சொல். மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனை விரும்பிவிட்டாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, முறைமாமன் பாண்டியும் (சூரி) இரண்டு வீட்டுச் சனமும் அவளை ஒரு சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பெண்கள் ஆட்டோவில், ஆண்கள் பைக்கில். கதை இவ்வளவுதான். மீனா படம் முழுக்க ஒரே ஒரு முறைதான் வாய் திறக்கிறாள்.

இசையமைப்பாளரே கிடையாது. ஆட்டோ என்ஜினின் தடதடப்பு, பைக் சத்தம், காற்று, காலில் கயிறு கட்டிய சேவலின் கொக்கரிப்பு. பாண்டிக்குத் தொண்டை கட்டிப் போய், கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். குரல் கரகரவென்று வருகிறது. எல்லாரையும் அதட்ட வேண்டிய ஆளுக்குக் குரலே சரியில்லை. அங்கே ஒருத்தி குரல் இருந்தும் பேசவில்லை, இங்கே ஒருத்தன் குரல் இல்லாமல் கத்துகிறான். முதல் தடவை பார்த்தபோது இதை நான் கவனிக்கவே இல்லை.

ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வழியில் ஒரு காளை நடுரோட்டில் மறித்து நிற்கிறது. இத்தனை நேரம் மீசையை முறுக்கிக்கொண்டு வந்த ஆண்கள் ஒருவரும் கிட்டப் போகவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பெண் பிள்ளை வந்து, கூப்பிட்டுப் பழகிய நாய்க்குட்டியைக் கூட்டிப் போவதுபோல அதை ஓட்டிக்கொண்டு போகிறது. தியேட்டரில் என் பின்னால் இருந்தவர் அதுவரை சலித்துக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். ஆட்டோவுக்குள் மீனா இருக்கிறாள் என்பது அவருக்கும் அந்த நொடியில் ஞாபகம் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொரு இடத்தில் எங்கிருந்தோ ஸ்பீக்கரில் பழைய சினிமாப் பாட்டு வருகிறது. மீனாவின் உதடு லேசாக அதோடு சேர்ந்து அசைகிறது. அவ்வளவுதான், பாண்டிக்குள் இருந்த மிருகம் கட்டறுத்துக்கொள்கிறது. அவளையும் தடுக்க வந்த பெண்களையும் வெறிகொண்டு அடிக்கிறான். சூரியை இத்தனை வருடம் சிரிப்பு நடிகராகப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய அதிர்ச்சி. ‘விடுதலை’யில் கிடைத்த அனுதாபத்தை இதில் அவர் துளிகூடத் தேடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கட்டிப் போட்ட சேவல்தான் மீனா என்பது முதல் காட்சியிலேயே புரிந்துவிடுகிறது, படம் அதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. கூட வரும் ஆண்களில் பாதிப் பேரை ஒருவருக்கொருவர் பிரித்துச் சொல்ல முடியாது. நடப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே கேமரா போகும் சில நீளமான காட்சிகளில் இயக்குநரின் கை தெரிகிறது. ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021-இல் டைகர் விருது வாங்கிய அவருடைய முதல் படம் ‘கூழாங்கல்’லிலும் வெயிலில் ஓர் அப்பனும் மகனும் நடக்கும் நடைதான் கதை. ஆனால் அந்த வெயிலுக்கும் அந்த அப்பன் மகனுக்கும் அது இன்னும் இயல்பாகப் பொருந்தியது.

இது பெர்லின் விழாவுக்குப் போன படம், இதை எதற்குத் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். எனக்கு நேர் எதிராகப் படுகிறது. ஓடிடியில் பார்த்தபோது மின்விசிறிச் சத்தத்திலேயே பாதிப் படம் காணாமல் போய்விட்டது. தூரத்துக் கொக்கரிப்பு, ஆட்டோ நின்றதும் விழும் அமைதி, எதுவும் கேட்கவில்லை. வாழை வீட்டு டிவியிலும் அழ வைக்கும். கொட்டுக்காளிக்குத்தான் இருட்டும் பெரிய திரையும் கட்டாயம் வேண்டும். சிவகார்த்திகேயன் தயாரித்து அதைத் தியேட்டருக்குக் கொண்டுவந்தது தமிழ்ப் பார்வையாளருக்குக் கொடுத்த மரியாதை.

அம்மாவுக்கு இரண்டையும் வீட்டில் போட்டுக் காட்டினேன். வாழைக்கு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், முடிந்ததும் எழுந்து போய்ச் சோறு வடித்தார். கொட்டுக்காளிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாதியில், “அந்த ஆட்டோவுல நானும் போயிருக்கேன்பா” என்றார். மீனாவாக இல்லை, மீனாவுக்குப் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியாக. யாரைக் கூட்டிப் போனார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை. வாழையில் கெட்டவன் யார் என்று கையைக் காட்டிவிடலாம், நமக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாம். அந்த ஆட்டோவில் அப்படி ஒதுங்கி உட்கார இடமே இல்லை. நான் கொட்டுக்காளி பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசியில் பாண்டி, தங்கள் முறை வருவதற்கு முன்னால் இன்னொரு பெண்ணுக்கு அந்தச் சாமியாடி செய்யும் ‘வைத்தியத்தை’ப் பார்க்கிறான். உள்ளே கூட்டிப் போவானா, திரும்பிப் போவானா என்பதைச் சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. அவன் திரும்பிவிடுவான் என்பது என் எண்ணம். “அவன் உள்ளதான் போவான், நீ வேணா பாரு” என்றார் அம்மா. மறுநாள் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் இரண்டு தடவை ஓடவிட்டு, சூரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னதை மறுக்க அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.