ஹால் டவுன்லைட்டுகள்: வெளிச்சத்தில் குறையில்லை, டிரைவரில்தான்

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் ஹாலின் பால்ஸ் சீலிங்கில் பதித்திருக்கும் எல்.இ.டி. டவுன்லைட்டுகளைத் தம் வீட்டிலும் போடலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்ட வாரத்தில்தான் அவற்றில் ஒன்றுக்கு மறுபடியும் டிரைவரை, அதாவது விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை, மாற்ற வேண்டி வந்தது. ஆகவே பதிலைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வாட், லூமன் விவரங்கள் பெட்டியின் மேலேயே இருப்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி எனக்குப் புகாரே கிடையாது. நாங்கள் எடுத்தது 3000 கெல்வின், அதாவது கடைக்காரர்கள் வார்ம் ஒயிட் என்று சொல்லும் இளமஞ்சள் வெளிச்சம். 6500 கெல்வின் டியூப்லைட்டின் நீலம் கலந்த வெண்மைக்குப் பழகியிருந்த வீட்டுப் பெரியவர்கள் முதலில் மங்கலாக இருக்கிறதே என்று தயங்கினார்கள். இப்போது விளக்கு வைக்கும் நேரமானால் அவர்களே இதைத்தான் போடச் சொல்கிறார்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண்ணைப் பார்த்து வாங்கியதன் பலன் பட்டுப் புடவையின் அரக்கு நிறத்திலும் சாப்பாட்டு மேசையில் இருக்கும் குழம்பின் நிறத்திலும் தெரிகிறது. அந்த எண் 80க்குக் கீழே இருந்தால் வாங்கவே வேண்டாம். 90 கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம்.

என் கோபமெல்லாம் டிரைவர் மீதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை வெளிச்சம் தரும் எல்.இ.டி. சில்லுகளுக்கு ஏற்ற, அளவு மாறாத டி.சி. மின்னோட்டமாக மாற்றித் தரும் சிறிய பெட்டி அது. பெட்டியின் மேல் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால், நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தாலும் பதினோரு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று தோன்றும். பெரும்பாலும் அந்தக் கணக்கு சில்லுகளின் வெளிச்சம் 70 விழுக்காடாகக் குறைவதற்கு ஆகும் காலத்தைக் குறிப்பது. அதற்குள் டிரைவர் எத்தனை முறை போகும் என்பதை அது சொல்வதில்லை. டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் சூட்டில் மெல்ல மெல்ல உலர்ந்துபோகும் பொருள்; வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. எங்கள் ஹாலுக்கு மேலே நேராக மொட்டை மாடி. சித்திரை, வைகாசி வெயிலை நாள் முழுவதும் வாங்கிய கான்கிரீட் தளத்துக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே, காற்று போக வழியில்லாத அந்த இடுக்கில்தான் இந்த டிரைவர்கள் கிடக்கின்றன. கீழ்த்தளத்து அறையில் அதே நிறுவனத்தின் அதே விளக்குகள் ஒரு முறைகூடத் தொந்தரவு தராமல் எரிகின்றன என்பதை நியாயத்துக்காகச் சொல்லியாக வேண்டும்.

டிரைவர் போகப்போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. சுவிட்ச் போட்டதும் உடனே எரியாமல் சற்றுத் தாமதிக்கும்; பிறகு விட்டுவிட்டு மின்னும். கண்ணுக்குத் தெரியாத துடிப்பும்கூடச் செல்பேசிக் கேமராவைக் காட்டினால் திரையில் கருப்புப் பட்டைகளாக ஓடும். ஆனால் சில்லு கருகியிருந்தாலும் விளக்கு இப்படி மின்னக்கூடும் என்பதால், மின்பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, நன்றாக எரியும் பக்கத்து விளக்கின் டிரைவரை இதற்கு மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. அப்போது எரிந்தால் குற்றவாளி டிரைவர்தான். மலிவான டிரைவர்கள் பலவற்றில் உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பு இருப்பதில்லை; டி.சி. கம்பிதானே என்று எரியும்போது தொட்டால் ஷாக் அடிக்கும். புதிய டிரைவரில் மில்லி ஆம்பியர் அளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும், வோல்ட் வரம்பு விளக்குக்குப் பொருந்த வேண்டும். 300 மில்லி ஆம்பியர் விளக்குக்கு 450 மில்லி ஆம்பியர் டிரைவரைக் கொடுத்தால் முதலில் பளிச்சென்று எரியும். பிறகு சில்லுகளே கருகிவிடும்.

இவ்வளவு எளிய வேலையை நிறுவனம் எவ்வளவு கடினமாக்கியது என்பதுதான் ஆறவில்லை. இரண்டு ஆண்டு வாரண்டி முடிந்த பிறகு முதல் விளக்கு அணைந்தபோது, டிரைவரைத் தனியாகத் தருவதில்லை, முழு விளக்கையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மாடலோ நின்றுவிட்டது. புதிய மாடலுக்குத் துளையின் அளவு வேறு. சீலிங்கை மறுபடி வெட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். வெட்டினாலும் அதே 3000 கெல்வின் என்று எழுதிய புதிய விளக்கின் மஞ்சள் பழையவற்றோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதியில்லை. சில்லுகள் நல்ல நிலையில் இருக்கும் ஒரு விளக்கைக் குப்பையில் எறியச் சொல்வது வாங்கியவரின் பணத்துக்குச் செய்யும் அவமரியாதை. பழைய டியூப்லைட்டில் சோக்கு போனால் சோக்கு, ஸ்டார்ட்டர் போனால் ஸ்டார்ட்டர் என்று தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது. கடைசியில் எங்கள் எலக்ட்ரீசியன்தான் பஜாரில் அளவு பார்த்துப் பொருத்தமான டிரைவர் வாங்கி வந்து மாட்டினார். முழு விளக்கின் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

அணைத்த பிறகும் இரவில் மினுக்கென்று ஒளிர்கிறது என்று நண்பர் கேட்டது வேறு விஷயம். அது விளக்கின் குறையன்று. சுவிட்சுக்கு, மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்குப் பதிலாக அது திரும்பும் நியூட்ரல் கம்பி போயிருக்கும், அல்லது சுவிட்சில் இண்டிகேட்டர் விளக்கு இருக்கும். சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கின் முனையில் டெஸ்டர் வைத்து அது பளிச்சென்று எரிந்தால், எலக்ட்ரீசியனிடம் வயரிங்கைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். ஆபத்தான வயரிங் அது.

வெளிச்சத்தை அத்தனை புகழ்ந்த பிறகும், மேல்மாடியில் இவற்றைப் போட வேண்டாம் என்றே நண்பருக்குச் சொல்கிறேன். அங்கே சாதாரண பி22 ஹோல்டரும், 3000 கெல்வின் எல்.இ.டி. பல்பும், நல்ல கண்ணாடி மூடியும் போதும். பல்பு போனால் எந்தக் கடையிலும் வேறு நிறுவனத்தின் பல்பை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். டவுன்லைட்தான் வேண்டும் என்றால், டிரைவர் விளக்கோடு ஒட்டாமல் தனியாக, பிளக் போட்டுக் கழற்றும்படி இருப்பதை மட்டும் எடுக்கவும். வாங்கும் அன்றே உதிரி டிரைவர்களையும் சேர்த்துக் கேட்கவும். இல்லை என்று கடைக்காரர் சொன்னால் அந்த விளக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிடவும். எங்கள் ஹாலில் இருப்பவற்றை நான் கழற்றப்போவதில்லை. அந்த வெளிச்சத்தை விட மனமில்லை.