ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: தூள் சரி, தண்ணீரில்தான் தகராறு

பேதி என்று சொல்லி மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் மூன்றில் ஒன்று கைக்கு வரும். 21 கிராம் சொச்சம் எடையுள்ள தூள் பாக்கெட், 200 மி.லி. அட்டைப்பெட்டி பானம், இல்லையென்றால் டப்பாவில் அடைத்த குளுக்கோஸ் பவுடர். முதலாவது மருந்து. கடைசியாகச் சொன்னதில் உப்பே கிடையாது, பேதிக்கு அது உதவாது. நடுவில் உள்ளதைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் தூள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9, ஆக 20.5 கிராம். அதற்கு மேல் இருப்பது ஆரஞ்சு, எலுமிச்சை வாசனைச் சரக்கு. கரைத்தால் லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அளவு), குளுக்கோஸும் அதே 75. சிறுகுடல் சுவரில் இந்த இரண்டும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றின் பின்னால் போகிறது. பேதியாகும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. மொத்த ஆஸ்மொலாரிட்டி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் செறிவு, 245. பழைய கலவையில் இது 311 ஆக இருந்தது. குறைத்த பிறகு வாந்தியும் குறைந்தது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய குழந்தைகளும் குறைந்தார்கள். அதற்கும் முன்னால் சிட்ரேட் இருக்கும் இடத்தில் பைகார்பனேட் இருந்தது. ஈரம் பட்டால் தூள் பழுப்பேறிக் கெட்டுப்போனதால் 1984இல் மாற்றினார்கள். இன்றைக்கும் பாக்கெட்டைப் பிரித்ததும் தூள் பழுப்பாக இருந்தாலோ கல்லாக இறுகிக் கரைய மறுத்தாலோ கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆக, தயாரிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விலையும் அப்படித்தான். ஒரு லிட்டருக்கான தூள் பெரும்பாலும் ஒரே ஒரு 200 மி.லி. அட்டைப்பெட்டியைவிட மலிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

அட்டைப்பெட்டி விஷயத்துக்கு வருவோம். லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருந்தால் அது உணவுப் பொருள். மருந்துத் தயாரிப்பு உரிம எண்ணும், 'ஓரல் ரீஹைட்ரேஷன் சால்ட்ஸ்' என்ற பெயரும், குளுக்கோஸ், மூன்று உப்புகள் ஆகியவற்றின் கிராம் கணக்கும் இருந்தால் மருந்து. இரண்டு வகையும் ஒரே அலமாரியில் நிற்கும், ஒரே மாதிரிப் பழப்படம் போட்டிருக்கும். உணவு வகையில் சர்க்கரை 100 மி.லி.க்கு 10 கிராம் வரை ஏறினால், அது சரியான கரைசலில் உள்ளதைப் போல் ஏழு மடங்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் விடாமல் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. 2022இல் பொடி எழுத்தில் ஒரு மறுப்பு வாசகம் போட்டால் போதும் என்று அனுமதித்ததும் அதே அமைப்புதான். பிள்ளைக்குப் பேதி என்று பதறி வரும் தாய் பொடி எழுத்தைப் படிப்பாளா?

இனி தண்ணீர். பாக்கெட்டின் பலவீனமே இதுதான். 'ஒரு லிட்டரில் கரைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ டம்ளரும் சொம்பும். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு 200 மி.லி. டம்ளரில் கொட்டினால் சோடியம் 75க்குப் பதில் 375. குழந்தைக்குத் தாகம் அடங்காது, எரிச்சல்படும், ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். 'கொஞ்சம் கொஞ்சமா கலக்கிக்கலாம்' என்று ஸ்பூனில் அள்ளுவதும் தப்பு. உப்பும் குளுக்கோஸும் வேறு வேறு பருமனுள்ள துகள்கள், பாக்கெட்டுக்குள் ஒன்று அடியில் தங்கிவிடும். பாதித் தூளில் பாதி உப்பு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாலிலும் சோடாவிலும் ஜூஸிலும் கரைப்பது, ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பது, கரைத்த பிறகு கொதிக்கவைப்பது எல்லாமே கணக்கைக் கெடுக்கும்.

சரியான வழி ரொம்பச் சுலபம். காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய நீரை அதில் நிரப்பி, சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி, ஒரு பாக்கெட்டை முழுசாகக் கரைக்க வேண்டும். கரைத்த நேரத்தைப் பேனாவால் எழுதி வைத்தால், 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டுவதற்கு ஞாபகம் இருக்கும். ஒரு லிட்டர் அளக்க வழியில்லாத வீட்டுக்கு 4 கிராம் சொச்சம் எடையுள்ள சின்ன பாக்கெட்டே மேல். அதற்கு 200 மி.லி. போதும். அந்த 200 மி.லி. தங்கள் வீட்டு டம்ளரில் எதுவரை வரும் என்பதை மட்டும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர். முப்பது விநாடி வேலை. 1971இல் மேற்கு வங்காளத்தின் போங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலானபிஸ் ஓ.ஆர்.எஸ்.ஸைப் பீப்பாயில் கரைத்துவைத்து நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்கவைத்தார். இறப்பு 30 சதவீத அளவிலிருந்து 3.6 சதவீதமாக இறங்கியது. படிக்காத கைகளாலும் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று செய்து காட்டினார். பாக்கெட்டைக் கவரில் போட்டு 'வேற ஏதாவது வேணுமா?' என்று கேட்கும் கடையில் இந்த மருந்தின் பாதிதான் விற்பனையாகிறது.

நல்ல மருந்தாளுநர் முதலில் வயதைக் கேட்பார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்ல மாட்டார். கூடவே துத்தநாக மாத்திரையை எடுத்து வைப்பார்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., 14 நாள். மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். பல வீடுகளில் நடப்பது இது. அடுத்த சில மாதங்களுக்குப் பேதி வராமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் 14 நாள் என்று சொல்லிக் கொடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு.

குழந்தைக்குப் பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை கேட்டால் கொடுக்க மாட்டார். 'போன தடவை கொடுத்த ஆண்டிபயாட்டிக்கே கொடுங்க' என்றால் சீட்டைக் கேட்பார். மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வழியில் கொடுத்துக்கொண்டே போகத்தான் பாக்கெட். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் இந்தக் கேள்விகளுக்கே அவசியமில்லை, நேராக டாக்டரிடம்தான்.

பெரியவர்கள் விஷயத்தில் பலர் கோட்டை விடுவது சர்க்கரை நோயாளிகளிடம். 'அதுல குளுக்கோஸ் இருக்கே' என்று பயந்து வெறும் தண்ணீரைக் குடிப்பார்கள். லிட்டருக்கு 13.5 கிராம்தான், பேதியாகும்போது குடிக்கலாம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டால் சரி. இவர்கள் உண்மையில் கேட்க வேண்டியது மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் பற்றி. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இவற்றைத் தொடரலாமா என்று அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட வேண்டும். ஃபுரோசிமைடு போன்ற நீர் மாத்திரைக்கும் அதே விதி. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு பாக்கெட்டில் உள்ள பொட்டாசியமும் சோடியமும் கணக்கில் வரும். வெயிலில் அலைந்த களைப்புக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது. அதற்கு என்ன குடிக்கலாம், எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வாசனை பற்றி ஒரு வார்த்தை. குழந்தைகள் ஆரஞ்சைக் குடிக்கிறார்கள், வாசனை சேர்க்காததைத் துப்புகிறார்கள். சரியாகக் கரைத்தால் கண்ணீரின் உப்புக்கு மேல் கரிக்கக் கூடாது. அதற்கு மேல் கரித்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது. கொட்டிவிட்டுப் புது பாக்கெட்டைப் பிரியுங்கள்.